பிஸ்டனுக்குப் பொருத்தம் பார்ப்பது

பெண்ணுக்கு வரன் தேடுவதுதான் உலகத்திலேயே சிரமமான காரியம் என்று வெகு காலமாக எண்ணியிருந்தேன். சென்ற வருஷம் எங்கள் வீட்டுப் பழைய மோட்டார் வண்டிக்குப் பிஸ்டன் தேடப் புறப்பட்ட பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டேன். ஜாதகம் சற்று முன்பின்னாக இருந்தாலும் மனம் பொருந்தினால் கல்யாணம் நடந்துவிடும். பிஸ்டனிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. தலைமயிர்க் கனம் பிசகினாலும் சம்பந்தம் முறிந்து போகும்.

எங்கள் வண்டி 1965-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்தது. அதற்கு உருவம் அமைத்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையை அடுத்து இருந்த தொழிற்சாலையிலேயே அதைச் செய்து விற்றார்கள். என் தகப்பனார் அருமையாக வைத்திருந்த அந்த வண்டி, அவர் காலமான பிறகு ஒன்பது வருஷம் கொட்டகையில் கிடந்தது. அதற்கு முன்பே நீலப் புகை கக்கத் தொடங்கியிருந்தது.

"இதற்காகவா அலைவது? புதுக் கார் இஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்துவிடுங்கள்" என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்தால் பதிவுப் புத்தகத்தில் இஞ்சின் நம்பரைத் திருத்த அனுமதி பெற வேண்டும். அதையாவது சமாளிக்கலாம். என் தாயார் சொன்ன வார்த்தையைத்தான் சமாளிக்க முடியவில்லை. "அப்புறம் அது உங்க அப்பா வண்டி இல்லையேடா" என்றாள். பழைய இஞ்சினையே பிழைக்க வைப்பதென்று தீர்மானித்தேன்.

புஸ்தகத்தைப் பார்த்தேன். இஞ்சின் 948 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76. உடனே புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே கடைவாசல்களில் கியர் பெட்டிகளும் ரேடியேட்டர்களும் மலைபோல் குவிந்து கிடக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, உடைந்து போன வண்டி எதுவும் உண்மையில் சாவதில்லை என்ற ஞானம் உண்டாகும். முதல் கடைக்காரர் எடுத்து நீட்டிய பிஸ்டன் 69.3 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. இங்கிலாந்தில் பின்னால் வந்த 1147 கன சென்டிமீட்டர் இஞ்சினுக்கு உரியது. "எல்லாம் ஹெரால்டுதான் சார்!" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. வண்டியின் பெயர் ஒன்றுதான். ஆனால் பெயர்ப் பொருத்தம் மட்டும் போதாதே! மூன்றாவது கடையில் 63 மில்லிமீட்டரில் நான்கு பிஸ்டன்கள், பிரிக்காத பெட்டியில் அகப்பட்டன. பழைய பிஸ்டன் ஒன்றைப் பையில் கொண்டு போயிருந்தேன். குறுக்கே செல்லும் பின்னின் கனம், பின்னிலிருந்து தலை வரையுள்ள உயரம், வளையம் உட்காரும் பள்ளத்தின் அகலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. விலையைப் பேரம் பேசாமலே கொடுத்துவிட்டு வெற்றி வீரனைப் போல் திரும்பினேன்.

என் வெற்றி லேத் பட்டறை வாசல் வரையில்தான் நீடித்தது. அங்கே இருந்த முதிய மேஸ்திரி என் புதுப் பிஸ்டன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பிஸ்டனை வாங்கி, தலையில் அப்பியிருந்த கரியைச் சுரண்டினார். அடியில் '030' என்ற முத்திரை தெரிந்தது.

எப்போதோ ஒரு முறை சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் முப்பது கூறு அளவு பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள்! மில்லிமீட்டரில் முக்கால் சொச்சம். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகக் கடைவது வழக்கம். பத்து வருஷம் கையில் வைத்துக் கொண்டிருந்தாலும் கரியைச் சுரண்டிப் பார்க்கும் புத்தி எனக்கு வந்திருக்காது. என் புதுப் பிஸ்டன் அந்தச் சிலிண்டருக்குள், பெரியவர் ஜிப்பாவை அணிந்த சின்னப் பையனைப் போல் ஆடியது. நாற்பது கூறு பெரிய பிஸ்டனோ ஊரில் எங்கும் இல்லை.

நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து, மேஸ்திரி சிரித்தார். "பிஸ்டன் சரியான பிஸ்டன்தாங்க. சிலிண்டரைத்தான் அதுக்கு ஏத்த மாதிரி பண்ணணும். லைனர் இறக்கிடலாம்" என்றார்.

லைனர் என்பது இரும்புக் குழல். தேய்ந்த சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, குழலை அழுத்தி இறக்கி, அதன் உட்புறத்தைப் பழையபடி 63 மில்லிமீட்டருக்குக் கடைந்து விடுவார்கள். வரனுக்குத் தக்கபடி பெண்ணின் ஜாதகத்தையே திருத்தி எழுதுவது போன்ற காரியம்! ஆனால் இதில் மோசடி ஒன்றுமில்லை. இஞ்சின் பிறந்த நாளில் இருந்த அளவுக்கே திரும்பி விடுகிறது.

அன்று முதல் மேஸ்திரியே எனக்குக் குரு. கிராங்க் தண்டின் பேரிங்கைப் புரட்டி, முதுகில் உள்ள அளவு முத்திரையைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் பிறைவடிவ வாஷர்கள் இரண்டைக் கட்டாயம் மாற்றச் சொன்னார். பார்வைக்கு அற்பமான தகடுகள். அவை தேய்ந்து கழன்று விழுந்தால் தண்டும் பிளாக்கும் நாசமாகும். அவை ஹெரால்டுக்கென்று கிடைக்கவில்லை. 1972-ல் அதே கம்பெனி வெளியிட்ட கஸெல் வண்டியிலும் அதே 948 இஞ்சின்தான். அதன் உறவில் கிடைத்தன. நேர் வாரிசு இல்லாத இடத்தில் பங்காளி வீட்டை விசாரிக்க வேண்டும். அங்கும் அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த இஞ்சினின் மரைகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. பதினாறில் ஐந்து அங்குல போல்ட்டும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று இணக்கமாகப் போகும். பிறகு மரையே அழிந்துவிடும்.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான்: முதலில் இஞ்சினைப் பிரியுங்கள்; பிறகு கரியைச் சுரண்டுங்கள்; அப்புறம் அளவெடுங்கள்; கடைசியில் கடைக்குப் போங்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். புஸ்தகம் சொல்வது வண்டி பிறந்த போது இருந்த ஜாதகம். நடுவில் அது பட்ட பாடெல்லாம் இரும்பில்தான் எழுதியிருக்கிறது.

வண்டி இப்போது ஓடுகிறது. நீலப் புகை இல்லை. முதல் நாள் தாயாரை ஏற்றிக் கொண்டு கோயிலுக்குப் போனேன். வழி முழுவதும் அவள் ஒன்றும் பேசவில்லை. இறங்கும் போது மட்டும், "உங்க அப்பா இவ்வளவு மெதுவா ஓட்ட மாட்டார்" என்றாள்.

புது இஞ்சினை ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதை அவளுக்கு விளக்க இன்னும் தைரியம் வரவில்லை.