அலைக்குள் மறையும் படகு

திருநெல்வேலி என்றதும் தாமிரபரணிக் கரையை எண்ணிவிட வேண்டாம். நான் சொல்வது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் திருநெல்வேலி. அங்குள்ள கணினி அறிவியல், பௌதிகவியல் மாணவர்கள் கையில் எடுக்கவேண்டிய பொருளொன்று உண்டு.

ராடார் அனுப்பும் அலை, கலங்களில் மட்டுமன்றிக் கடல் அலைகளிலும் பட்டுத் திரும்புகிறது. திரையில் பொட்டுப் பொட்டாய்த் தெரியும் அந்தக் கடல் எதிரொலிக்குள் இரும்புக் கப்பல் பெரும்பாலும் மறைவதில்லை. நம் மீனவரின் சிறு கண்ணாடியிழைப் படகு மறைந்துவிடும். அத்தகைய படகு கப்பலில் மோதுண்டு போகலாம். காணாமற்போனால் தேடுவோர் கண்ணுக்கும் எட்டாது.

1990களில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துச் சைமன் ஹெய்கின் கவர்ச்சியான விளக்கமொன்றை முன்வைத்தார். கடல் எதிரொலி வெறும் தற்செயலன்று, கேயாஸ். குழப்பமாய்த் தோன்றினும் உள்ளே விதி உண்டு என்றார். விதி இருந்தால் நரம்பு வலையமைப்பு ஒன்றைப் பழக்கி, அடுத்த கணத்து எதிரொலியைக் கணிக்கச் செய்யலாம். கணிப்பு பிசகும் இடத்தில் படகு இருக்கக்கூடும்! படிக்கவே மனம் மயங்குகிறது.

ஆயின் வேறு ஆய்வாளர்கள், தற்செயலையே அடிப்படையாக வைத்துக் கணினியில் உருவாக்கிய பொய்க் கடலை அதே சோதனைக்கு உட்படுத்தினர். அதற்கும் 'கேயாஸ்' என்றே விடை வந்தது. எதைக் கேட்டாலும் 'ஆம்' என்னும் சாட்சியை எந்தச் செய்தியாசிரியரும் நம்பமாட்டார். 2002இல் ஹெய்கினே சக ஆய்வாளருடன் எழுதிய கட்டுரையில் கேயாஸ் விளக்கத்தை ஐயுற்றார். தாம் கட்டியதைத் தாமே தட்டிப் பார்த்த அந்த நேர்மை நம் அறிஞர் சிலருக்கும் வாய்க்கலாம்.

கேயாஸ் போயினும் நரம்பு வலையமைப்பு போகவில்லை. அதற்கு வேண்டியது தரவு. மக்மாஸ்டர் குழு 1993இல் நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மவுத் அருகே ஐபிக்ஸ் ராடாரால் பதிவுசெய்த தரவையே பல நாட்டு ஆய்வாளரும் எடுத்தாளுகின்றனர். அது அத்லாந்திக் கடல். நம் பாக்கு நீரிணையோ ஆழமற்றது. காற்றின் திசையும் அலையின் உயரமும் மாறினால் எதிரொலியும் மாறும். சோளகக் கடல் வேறு, வாடைக் கடல் வேறு என்பது மீனவருக்குத் தெரியாததா?

ஆகவே நம் கடலை நாமே பதிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. அலைவரிசை அனுமதியும் பாதுகாப்புத் தரப்பின் இசைவும் எளிதில் கிட்டா என்பதை அறிவேன். படகைக் காட்டும் கருவி, படகைக் காப்பவர் கையிலும் இருக்கலாம், வேட்டையாடுபவர் கையிலும் இருக்கலாம். எனவே அத்தரவு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், எவரும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சோளகத்தில் ஒரு மாதம், வாடையில் ஒரு மாதம், ஜிபிஎஸ் கருவியுடன் நாலைந்து படகுகள். தொடங்க இவை போதும்.