டோல்கேட் இருக்கு... நிழல் எங்கே சார்?

சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைத்தால் குடும்பத்தோடு எங்கே கிளம்புவீர்கள்? ஊட்டி. இல்லாவிட்டால் கொடைக்கானல். மலை தாங்காது, வருகிற வண்டியை எண்ணித்தான் ஏற்றணும் என்று ஐகோர்ட்டே தலையிட்டு, 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவர வைத்த ஊர்கள் அவை. அதற்கும் அசராமல், மொபைலில் பாஸ் எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம்.

கையில் இன்னும் கொஞ்சம் காசு புரண்டால் லடாக். அங்கே கூடாரத்துக்குள் குளிரில் வெடவெடத்தபடி ஒரு போட்டோ. 'கேம்பிங்' போய் வந்தோமாம்!

இவர்களிடம், "ஒரு தடவை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் காரை விடுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அங்க என்னங்க இருக்கு? வெறும் முள்ளுக்காடு" என்று பட்டென்று பதில் வரும்.

என்ன இருக்கா? சொல்கிறேன், கேளுங்கள்.

வறட்சி பூமி என்று நாம் முத்திரை குத்தி வைத்திருக்கிற அந்தத் திருச்சுழிக்குப் பெயர் வந்ததே வெள்ளத்தால்தான்! பிரளயம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் குத்தி ஒரு சுழியை உண்டாக்க, வெள்ளம் அதற்குள் இறங்கிப்போனது என்பது தலபுராணம். திருமேனிநாதர் கோயில் சுந்தரர் தேவாரம் பாடிய தலம். அதே ஊரில்தான் 1879 டிசம்பர் 30-ம் தேதி ரமண மகரிஷி பிறந்தார். 1896-ல், பதினாறு வயதில், மூன்று ரூபாயோடு மதுரையிலிருந்து கிளம்பி, பாதி ரயில், பாதி நடையாகத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தாரே... பயணம் என்றால் அது பயணம்!

திருச்சுழியிலிருந்து குண்டாற்றை ஒட்டிக் கீழே இறங்கினால் கமுதி. அங்கே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியது என்று பேசப்பட்டது. நாம் திட்டுகிற அந்த வெயில்தான் அங்கே கரன்ட்! இன்னும் கொஞ்சம் தள்ளி, முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள். இரண்டுமே கண்மாய்தான். 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. மழை ஏமாற்றாத வருடத்தில், தை மாதம் போய்க் கரையில் நில்லுங்கள். நாட்டுக் கருவேல மரத்தில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை செல்போனைக் கீழே வைக்கிறதா, இல்லையா பாருங்கள்.

'கேம்பிங்' ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? மாசி சிவராத்திரிக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள். சென்னையிலிருந்தும் கோவை, திருப்பூரிலிருந்தும் வேனும் காருமாக வந்து இறங்குவார்கள். அடுப்புக்கு மூன்று கல், ஒரு பித்தளைப் பானை, விரிக்க ஒரு ஜமுக்காளம். குலசாமி கோயில் மரத்தடியில் விடிய விடிய முழிப்பு. மாசிக்களரி முடிந்து பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். பாட்டி, பேரன், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த சித்தப்பா, எல்லோரும் ஒரே பந்தியில். இதற்குப் பெயர் என்ன சார்?

வருடம் முழுக்கக் கூடாரத்தில் வாழ்கிறவர்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். கீதாரிகள். மேய்ச்சல் தீர்ந்ததும் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு, குட்டிகளைக் குடாப்பில் அடைத்து, பெண்டு பிள்ளைகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் வரை நடப்பார்கள். அறுத்த வயலில் கிடை போட்டால் வயலுக்கு உரம், இவர்களுக்குக் கூலி. அடுத்த வாரம் வேறு வயல், வேறு வானம். லடாக் கூடாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்கிற நாம், நெடுஞ்சாலையில் இவர்கள் மந்தை குறுக்கே வந்தால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறோம்!

நார்வேயில் 1957-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். பயிர் இல்லாத திறந்த நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, யாரையும் கேட்காமல் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம். நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், வழிப்போக்கனுக்கும் அதில் பாத்தியதை உண்டு என்கிற நினைப்பு. நம்மிடம் இது எழுதாத சட்டமாகவே இருந்தது. மந்தை, மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்க்கரை, சாவடித் திண்ணை... இங்கெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும், "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீர்தான் கொடுப்பார்கள். இன்றைக்கு மந்தையில் பாதியைச் சீமைக்கருவேலம் விழுங்கிவிட்டது. மீதியில் கம்பிவேலி.

அடுத்தது சாலை. ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டு முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாலை போட்டு, ஓரத்தில் மரம் வைத்து, சத்திரம் கட்டிய மகராசியை இன்னும் 'மங்கம்மா சாலை' என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? சாலை என்பது வண்டிக்கு மட்டும் இல்லை, வண்டியில் வருகிற மனுஷனுக்கும்தான் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலை. எலியார்பத்தியில் டோல். கட்டிவிட்டுப் போங்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஒரு மரத்தடி தேடுங்கள், பார்க்கலாம்! நெடுஞ்சாலை போடும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை மரத்துக்கு ஒதுக்கணும் என்று 2015-ல் மத்திய அரசே கொள்கை அறிவித்தது. சாலையின் லட்சணம் சரியில்லை, சரிசெய்யும்வரை சுங்கம் வசூலிக்காதே என்று 2025 ஜூன் 3-ம் தேதி மதுரை ஐகோர்ட் கிளை இந்தச் சாலைக்கு உத்தரவே போட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், சில நாளிலேயே அந்த உத்தரவுக்கும் தடை வந்துவிட்டது.

"மரம் கிடக்கட்டும், பாத்ரூம்?" என்று வீட்டம்மா கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நமக்கென்ன, வண்டியை ஓரங்கட்டினால் ஒரு கருவேலஞ்செடி போதும். வீட்டம்மா என்ன செய்வார்? கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அந்த வெயிலில் நாலைந்து மணி நேரம் நாக்கு வறளப் பயணம் செய்வார். பின்சீட்டில் வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருந்தால் அவளும் அப்படித்தான். இப்படி ஒரு பாதிப்பேர் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிற பயணத்தை 'ஃபேமிலி டூர்' என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

பெட்ரோல் பங்கில் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கணும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. போய்க் கேட்டால் எத்தனை இடத்தில் கதவு பூட்டியிருக்கிறது! சாவி யாரோ ஒருவர் இடுப்பில். அவர் சாப்பிடப் போயிருப்பார். நாமும் "சரி விடு, அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிடுகிறோம். அந்த 'சரி விடு'தான் அந்தப் பூட்டுக்குச் சாவி போடாமல் வைத்திருக்கிறது.

ஆகவே போங்கள். சித்திரை, வைகாசி வேண்டாம், மண்டை பிளந்துவிடும். மார்கழிக்கும் மாசிக்கும் நடுவில் போங்கள். அருப்புக்கோட்டையில் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி, திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று சின்னச் சாலையில் போங்கள். கண்மாய்க்கரையில் தங்குவதென்றால், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தங்குங்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மந்தை குறுக்கே வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, அது கடக்கும்வரை பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுங்கள்.

போகிறவர் சும்மா போய்விட்டு வராதீர்கள். பங்கில் பூட்டு தொங்கினால் சாவி கேளுங்கள். கொடுக்காவிட்டால் புகார்ப் புத்தகம் கேட்டு நாலு வரி எழுதுங்கள். நெடுஞ்சாலையில் ஏதாவது கோளாறு என்றால் 1033-க்கு அடியுங்கள். சொந்த ஊர் அந்தப் பக்கம் என்றால், கிராமசபை நடக்கிற அன்றைக்குப் போய், மந்தைக்கு நாலு வேம்பு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று தீர்மானம் போட வையுங்கள்.

டோல்கேட்டில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டோம். கொடுத்த காசுக்குக் கொஞ்சம் நிழலையும், ஒரு செம்பு தண்ணீரையும், திறந்திருக்கிற ஒரு கதவையும் கேட்பதற்கு என்ன சார் கூச்சம்?