உலை எத்தனை?

ஒரு பெண் பி.ஏ. பொருளியலோ சமூகவியலோ எடுத்திருக்கிறாள் என்றால், “அப்ப குரூப் ஃபோர் எழுதப் போறாளா?” என்பதுதான் அடுத்த கேள்வி. எழுதட்டும், தப்பில்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவள் கைக்கு என்ன வித்தை வருகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாது. நோட்ஸை உருப்போடும் பிள்ளைக்கே பல நேரம் தெரியாது. ஒழுங்காகக் கேட்பதுதான் அந்த வித்தை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, சொந்த ஊரை விசாரித்து வாருங்கள் என்று அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி என்று அவர்கள் எழுதி வந்தது 1918-இல் புத்தகமானது. 1930-களில் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஆய்வாளர்கள் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இன்று சொல்ல முடிவது, முதலில் போனவர்கள் ஒழுங்காகக் கேட்டதால்தான்.

கேட்பதில் என்ன பெரிய வித்தை? கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். “குடும்பத்தில் எத்தனை பேர்?” ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இருவர், ரேஷன் கார்டு இரண்டு. இது ஒரு குடும்பமா, இரண்டா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடுப்புதான் கணக்கு. சேர்ந்து வாழ்ந்து ஒரே உலையில் சாப்பிட்டால் ஒரு குடும்பம். ஆக, உலை எத்தனை என்று கேட்க வேண்டும்.

அடுத்தது இன்னும் சிக்கல். “என்ன வேலை பாக்குறீங்கம்மா?” என்றால், “சும்மாதான் இருக்கேன்” என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் அந்த அம்மா வேலை செய்யாதவர். “காலையில எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சாணி அள்ளியது, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியது, நூறு நாள் வேலைக்குப் போனது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் ஒரு நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்துத்தான் விசாரித்தது.

இப்படி நாலு வீடு ஏறி இறங்கியவள், வேலையில்லாதோர் இத்தனை சதவீதம் என்று பேப்பரில் படித்ததும், யாரை வேலையில் இருப்பவராக எண்ணினார்கள் என்று தேடுவாள். வங்கியில் கடன் மனுவைப் பார்க்கும்போதும், தாலுகா ஆபீஸில் உட்கார்ந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

கல்லூரியில் சேர்க்கும்போது பஸ் உண்டா, ஹாஸ்டல் எப்படி என்று விசாரிக்கிறோம். பிள்ளைகளைப் படிவத்தோடு தெருவுக்கு அனுப்புவீர்களா என்றும் துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.