சீட்டிருந்தால் மருந்து! இல்லையேல் சிறை!

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியில் புளோரிடா என்றொரு மாநிலம். அங்கே கஞ்சா மருந்து! 2016-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நூற்றுக்கு 71 பேர் ஒப்பி, மாநில அரசியல் சட்டத்திலேயே அதனைப் பொறித்தனர். புற்றுநோய், வலிப்பு, பார்வையைப் பறிக்கும் கண் அழுத்த நோய் ஆகியவற்றால் வாடுவோர் மருத்துவரின் சான்றோடு வாங்கலாம்.

அதே புளோரிடாவில் கஞ்சா குற்றம்! அரசு தரும் சீட்டு இல்லாதவனின் சட்டைப்பையில் 20 கிராம் இருந்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை தண்டம். அதற்கு மேற்பட்டால் ஐந்தாண்டு வரை சிறை. சீட்டுடையாரோ 35 நாளுக்கு ஏறத்தாழ 70 கிராம் வாங்கிக்கொண்டு, காவலர் எதிரிலேயே கைவீசி நடக்கலாம்!

போதையைப் போற்றுவோர் அல்லோம் நாம். மதியை மயக்குவது புகையாயினும் புராணமாயினும் வெறுப்பவர் நாம். நாம் கேட்பது இதுதான்: குற்றம் செடியில் இருக்கிறதா, சீட்டில் இருக்கிறதா?

சீட்டு சும்மா கிடைக்குமா? ஆண்டுதோறும் அரசுக்குச் சாதாரணமாக 75 டாலர். மருத்துவருக்குக் கட்டணம் தனி. மருந்தின் விலையையோ காப்பீட்டுக் கழகங்கள் ஏற்பதில்லை. சரி, ஏழை நோயாளி தன் கொல்லையில் ஒரு செடி வளர்க்கட்டுமே என்பீர். கூடாது! சீட்டிருந்தாலும் வளர்த்தல் பெருங்குற்றம்! விதைப்பதும் விற்பதும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே உரிய தனிச்சொத்து. நோயைக் கண்டு இரங்கிய சட்டமாம் இது. நோயாளியின் பணப்பையைக் கண்டு இரங்கியதாகத் தெரியவில்லை!

சட்டத்தின் கை எவர் கழுத்தை நாடுகிறது? 2018-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்கா முழுவதிலும், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பின மக்கள் கைதாகும் விகிதம் வெள்ளையரைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். பயன்படுத்துவதில் இரு சாராரும் ஏறத்தாழச் சமம்! பிறப்பைப் பார்த்துத் தண்டனை வகுத்த மனுவின் நெடி, கடல் கடந்தும் வீசுகிறதே!

மக்களைக் கேட்டால் என்ன? கேட்டார்கள்! 21 வயது நிரம்பியோர் எவரும் வைத்திருக்கலாம் என்ற திருத்தத்துக்கு 2024 நவம்பரில் நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர் ஆதரவளித்தனர். ஆனாலும் தோற்றது! 60 வேண்டுமாம். அந்த 60 என்னும் விதி 2006-இல் எத்தனை வாக்கில் நிறைவேறியது தெரியுமோ? நூற்றுக்கு 58-க்கும் குறைவு! தன்னால் தாண்டவியலாத வேலியைப் பிறருக்குக் கட்டிய விந்தை விதி அது.

அத்திருத்தத்துக்குப் பணத்தை வாரி இறைத்தது கஞ்சா வணிக நிறுவனமே; அதனை மறைக்கோம். வணிகனின் வேட்கை வேறு, விலங்கு பூண்டவனின் உரிமை வேறு. வணிகன் தோற்றாலும் கடை மூடப்படவில்லை. சீட்டுக்காரரிடம் விற்றுக்கொண்டே இருக்கிறான். 20 கிராமுக்கு ஓராண்டு என்ற விதியும் அப்படியே நிற்கிறது.