உடைந்த பீங்கானுக்கும் ஊரில் இடம் உண்டு



வீட்டில் ஒரு பீங்கான் கோப்பை கைதவறி விழுந்து உடைகிறது. சில்லுகளைப் பெருக்கி, தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறீர்கள். அந்தச் சில்லு மண்ணோடு மண்ணாக எத்தனை காலம் ஆகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது மண்ணாகாது. களிமண்ணைச் சுடும்போது, சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் படிக அமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய களிமண்ணாகக் குழைவதில்லை. கீழடியில் 2000 ஆண்டுகளுக்கு முந்திய பானை ஓடுகள், கீறிய எழுத்துகளோடு கிடைத்ததற்குக் காரணம் இதுவே. பீங்கானை இன்னும் அதிக வெப்பத்தில் சுடுகிறார்கள். இத்தனை எரிபொருளைச் செலவிட்டுச் செய்த பொருள் உடையும்போது கடினத்தை இழப்பதில்லை, நிறத்தையும் இழப்பதில்லை. பாத்திரமாக இருக்கும் தகுதியை மட்டுமே இழக்கிறது.

இந்த உண்மையை ஒரு பெருந்தோட்டமாக்கிக் காட்டியவர் நேக் சந்த். 1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது அவர் அங்கே சாலை ஆய்வாளர். புதிய நகரத்துக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அங்கே எஞ்சிய ஓடு, பீங்கான், கண்ணாடி வளையல், கல் முதலியவற்றை அவர் சைக்கிளில் சேகரித்தார். நகரின் ஓரத்தில், கட்டடம் எழுப்பத் தடையுள்ள காட்டு நிலத்தில், வேலை நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் இரகசியமாகச் சிலைகளைச் செய்துவந்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் மக்கள் அதை விரும்பினார்கள். 1976இல் பாறைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்கு ஊதியமும் 50 தொழிலாளர்களும் அளிக்கப்பட்டனர். கழிவுப் பொருள்களைப் பெற நகரில் சேகரிப்பு நிலையங்களும் ஏற்பட்டன. ஒருவர் தொடங்கிய வேலையில் ஊரே பங்கு கொண்டது.

1990 வாக்கில் சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தன. மக்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். நேக் சந்த் 2015இல் மறைந்தார். 2025 மார்ச்சில், எதிர்ப்பையும் மீறி, தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பீங்கான் பல்லாயிரம் ஆண்டு நிற்கலாம். அதைப் பதித்த சுவர் நிற்பதோ மக்களின் அக்கறையைப் பொறுத்தது.

நகரை அழகுபடுத்துவது என்றால், ஆள் அமர்த்திச் சுவரில் வண்ணம் பூசுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். "வண்ணம் பூசினால் இரண்டு நாளில் வேலை முடியுமே!" என்பீர்கள். முடியும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள், வண்ணத்தைச் சுவரோடு பிடித்துவைக்கும் பசைப்பொருளின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. சில ஆண்டுகளில் படம் வெளிறி உதிரும், மீண்டும் செலவு. பீங்கானின் நீலம் கோபால்ட் ஆக்சைடு தருவது. சில பச்சை நிறங்கள் தாமிர ஆக்சைடு தருபவை. சூளையில் கண்ணாடியோடு கலந்து இறுகிய அந்த நிறங்கள் வெயிலுக்கு அஞ்சுவதில்லை.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம். யாரோ வரைந்துவிட்டுப் போன படத்தின் மேல் சுவரொட்டி ஒட்டினால் நாம் கண்டும் காணாமல் போகிறோம். "அது எங்கள் பாட்டி வீட்டுத் தட்டு" என்று ஒரு சிறுமி கைகாட்டக்கூடிய சுவரில் சுவரொட்டி ஒட்ட எவரும் தயங்குவார். ஆகவே, பொதுக் கலைக்கு அந்த இடத்தில் வாழ்பவர்களே பொருளும் தரவேண்டும், உழைப்பும் தரவேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது ஏராளமான கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. சில்லுகளைப் பதிப்பதற்காகவே புதிய சுவர் எழுப்பினால், நன்மையைவிடத் தீமையே மிகும். எப்படியும் பூச வேண்டிய பழைய சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் காரை பெயர்ந்து நிற்கிறதா? தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தெருவில் வீடு வீடாகச் சென்று உடைந்த பீங்கானைக் கேளுங்கள். என்ன உருவம் வேண்டும் என்பதை ஊரார் கூடி முடிவு செய்யட்டும். கூர்முனைகளைத் தேய்ப்பதையும் ஈரச் சிமெண்டைக் கையாள்வதையும் கொத்தனாரிடம் விடுங்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். எந்தச் சில்லு எங்கே என்று சொல்வது உங்கள் வேலை.

அடுத்த முறை கோப்பை உடைந்தால், சில்லுகளைத் தொட்டியில் கொட்டுமுன் சற்று நில்லுங்கள்.