வீட்டில் அமைக்கும் மின்னிசைக் கருவிக்கு முன்மாதிரி எது?

மின்னோட்டத்திலிருந்து இசையொலியைப் பிறப்பிக்கும் சிந்தசைசர் என்னும் கருவியைத் தம் கையாலேயே அமைக்க விழைவோர் இன்று பல நாடுகளிலும் உளர். ஓரலகு ஒலியைப் பிறப்பிக்கும். ஓரலகு அதனை வடிக்கும். வேறொன்று அதன் உரப்பை ஏற்றி இறக்கும். தனித்தனியான இவ்வலகுகளை வடங்களால் வேண்டியவாறு இணைத்தே வாசிப்பர். பழைய தொகுதியொன்றைப் பின்பற்றி இதனை அமைக்கத் திட்டமிடுவோர் எதனைப் பின்பற்றுவது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

பெரும்பாலார் உள்ளம் றொபேட் மூக் அமைத்த தொகுதியிலேயே செல்கின்றது. அது வியப்பன்று. 1964 ஆம் ஆண்டில் இசையமைப்பாளர் ஹேர்பேட் டொயிச்சுடன் கூடி அவர் அதன் முதல் வடிவை ஆக்கினார். 1968 இல் வெண்டி கார்லோஸ் அக்கருவியில் வாசித்து வெளியிட்ட பாக் இசைத்தட்டு அதன் புகழை எங்கும் பரப்பிற்று. மரப்பேழையும் கரிய தகடுகளும் வரிசை வரிசையான குமிழ்களும் கண்ணைக் கவர்வன. ஆயின் அப்பேழையில் ஓரலகு பெரும்பாலும் ஒரு தொழிலையே புரியும். ஆதலின் அலகுகள் பல வேண்டும். பொருளும் மிக வேண்டும். தகட்டை வாங்குதல் எளிது. அதன் பின்னே சுற்றை நிரப்புதல் அன்றோ அரிது!

சிறு பொருளுடையார்க்கு ஏற்ற முன்மாதிரி சேர்ஜ் செரெப்னினுடையதே என்பது என் துணிபு. 1970 களின் தொடக்கத்தில் கலிபோர்ணியாக் கலை நிறுவகத்தில் கற்பித்த அவர், விலைமிக்க கருவிகளை வாங்கவியலாத இசைவாணர்க்கென்றே தம் தொகுதியை வகுத்தார். மாணவரும் உடன் கூடிப் பற்றாசு வைத்து அதனை அமைத்தனர். தாமே அமைத்தல் என்பது இத்தொகுதிக்குப் பிற்காலத்தார் புனைந்த வேடமன்று. அதன் பிறப்போடு வந்தது.

அவருடைய அலகொன்றை நோக்குக. வோல்ற்றளவொன்றைக் குறித்த வேகத்தில் ஏற்றி இறக்குவதே அதன் தொழில். ஒரு துடிப்பைக் கொடுப்பின் ஒலியின் எழுச்சியையும் தணிவையும் வரையும். தன் இறுதித் துடிப்பைத் தனக்கே மீள ஊட்டின் ஓயாது சுழன்று தானே ஒலிப்பிறப்பாக்கியாகும். ஒரு சுழற்சி முடியுமுன் வரும் துடிப்புக்களை அது பொருட்படுத்தாது. ஆதலால் மீடிறனைப் பகுத்துக் கீழ்ச்சுரங்களையும் தரும். ஒன்றை அமைத்து நான்கின் பயனைப் பெறலாமெனின், இதனினும் சிக்கனம் யாது?

எதனைப் பின்பற்றினும் சுருதியில் கண்டிப்பு வேண்டும். ஒரு வோல்ற்று ஏறின் ஒலி ஒரு ஸ்தாயி உயர்தல் மூக்கின் நெறி. அரைச்சுரத்துக்கு உரியது ஏறக்குறைய 83 மில்லிவோல்ற்று. இதனைத் தருவது திரான்சிற்றரின் அடுக்குக்குறி இயல்பு. அதுவோ வெப்பத்தால் மாறுவது. ஒரு பாகை செல்சியசு ஏறின் ஏறத்தாழ முந்நூற்றிலொரு பங்கு பிழை நேரும். 3 ஸ்தாயி மேலே வாசிக்குங்கால் அஃது அரைச்சுரத்தின் எட்டிலொரு பங்காகும். பயின்ற செவி அதனைப் பொறாது. இணையொத்த இரு திரான்சிற்றர்களையும், வெப்பத்துக்கேற்ப மாறும் தடையியொன்றையும் நெருங்க ஒட்டி வைத்தலே பரிகாரம். இவ்விடத்தில் காசை மிச்சம் பிடித்தல் கூடாது.

சேர்ஜ் முறையில் ஓர் இடர் உண்டு. அதன் செருகிகள் ஒற்றைக் கம்பியுடையன. ஒன்றன்மேலொன்று அடுக்கலாம் என்பது வசதியே. ஆயின் வேறு பேழையோடு இணைக்குங்கால் இரண்டின் புவித்தொடுப்பையும் தனியே சேர்த்தல் வேண்டும். 1995 இல் டீற்றர் டெப்ஃபர் தொடக்கிய யூரோறாக் வகைக்கு உதிரிகள் எளிதிற் கிடைக்கும் என்பதையும் மறுக்கவியலாது. சேர்ஜின் சுற்றுக்களை அவ்வளவிலேயே அமைப்பதில் தவறில்லை என்பேன்.

முதலில் வேண்டுவது வலு வழங்கி. 230 வோல்ற்று வீட்டு மின்னில் புதியவர் கைவைத்தலாகாது. அதனை ஆயத்தமாகவே வாங்குக. அதன்பின் ஒலிப்பிறப்பாக்கி ஒன்று, மேற்கூறிய ஏற்றவிறக்க அலகு இரண்டு, வடி ஒன்று, விரியலாக்கி ஒன்று. இவ்வைந்தையும் ஓராண்டேனும் வாசித்த பின்னரே ஆறாவதற்குத் தகடு வெட்டுக.