வீட்டு வியாதியும் பள்ளிக்கூடத்துப் பாடமும்

பத்தாம் வகுப்பில் வாசிக்கும் மாணவன் ஒருவனை நாம் அறிவோம். அரையாண்டுப் பரீட்சையில் கணையத்தைப்பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒரு குறையுமின்றி விடையெழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எங்கே இருக்கின்றன, அவற்றிலுள்ள பீட்டா செல்கள் எதைச் சுரக்கின்றன, அது குறைந்தால் இரத்தத்தில் என்ன மிகுகின்றது என்பனவெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சை முடிந்த சில தினங்களில் ஓரிரவு, அவனுடைய பாட்டியார் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, நாக் குழறி, வீட்டாரை அடையாளங் காணாமல் விழிக்கலானார். அன்று ஏகாதசி. நீரிழிவுக்குரிய மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, ஆகாரத்தை மாத்திரம் நிறுத்தியிருந்தார். பையனுடைய தாயார் ஏதோ தோன்றியவராய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்தார். "சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா கொடுப்பது, அம்மா?" என்று தடுத்தவன் அந்த மாணவனே. நல்ல வேளையாக அடுத்த வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் அம்மாள் ஓடி வந்து, விழுங்குவதற்குரிய நினைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்துப் புகட்டினார். கால்மணி நேரத்தில் பாட்டியாருக்குப் பேச்சுத் தெளிந்தது. பையனுக்குத்தான் அன்றிரவு உறக்கமில்லை. "இவ்வளவு படித்தும் எனக்கு ஏன் தெரியவில்லை?" என்று மறுநாள் தகப்பனாரைக் கேட்டானாம். தகப்பனார் நம்மைக் கேட்டார். நாம் வாசகர்களைக் கேட்கிறோம்.

குற்றம் பையனுடையதன்று. பாடப்புத்தகத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லவும் இடமில்லை. நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் முதலியவற்றைக் கூறும் அத்தியாயம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. காரணம், அறிகுறி, தடுக்கும் மார்க்கம் எல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தில் வரும் நோயாளி யாரோ ஒருவர். மாணவனுடைய வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கோத்து டப்பாவுக்குள் கிடக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் அந்த அத்தியாயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனிடம் ஒருவரும் சொல்வதில்லை. அந்நியர் ஆண்ட காலத்தில், தேம்ஸ் நதியின் போக்கை நெட்டுருச் செய்துவிட்டுத் தன் ஊர் ஏரிக்கு மடை எத்தனை என்று அறியாதிருந்த மாணவர்களைக் கண்டு நமது பெரியோர் வருந்தினார்கள். அந்தப் படிப்பின் வாசனை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

எங்கோ சிலருக்கு வரும் நோயாக இருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான கணக்கின்படி, இத்தேசத்தில் நீரிழிவுள்ளவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள். பணக்காரர் வியாதி என்று முன்னாளில் பெயர் பெற்றது, இன்று கொத்தனாரையும் ஆட்டோ ஓட்டுபவரையும் பூக்காரியையும் விடுவதில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் இந்நோய்க்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியபோது, இதற்கொரு தனிப் பிரிவா என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம். இன்று அப்படி நினைப்பாரில்லை.

மருந்தில்லாக் குறை என்பதும் முழு உண்மையன்று. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அம்மாத்திரையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது. ஆயினும் திண்ணைக்கு வந்தது வயிற்றுக்குள் போவதற்கிடையில் எத்தனை தடைகள்! சோதனையில் சரியாக வந்துவிட்டதென்று தகப்பனார் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சரியாக வந்தது அம்மாத்திரையினால்தான் என்பதை அவர் நினைப்பதில்லை. சோதனைக்கு முந்திய இரண்டு நாள் மாத்திரம் பத்தியமிருந்து, டாக்டரை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷப்படும் பெரியவர்களும் உண்டு. சென்ற இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை ஒன்று இருக்கிறது, அதனிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியாது. தாயாரோ காலில் முள் தைத்ததைக்கூட அறியாமல் நடமாடி, புண் நாற்றமெடுத்த பின்னரே மகளிடம் காட்டுகிறார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் வியாதி குறைந்துவிட்டதென்று அவர் நம்பியிருந்தார். விரலோடு நிற்குமா, பாதத்தையே எடுக்க வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் பேசும்போதுதான் குடும்பம் விழித்துக்கொள்கிறது. இதற்கிடையில் வாட்ஸப் வைத்தியர்கள் வேறு. ஏதோ ஓர் இலையைக் கொதிக்கவைத்து ஒரு மண்டலம் குடித்தால் நோய் வேரோடு போய்விடும் என்று எவரோ எழுத, அதை மாமா அத்தைக்கு அனுப்ப, அத்தை மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்.

இத்தகைய வீடுகளில், இங்கிலீஷில் அச்சிட்ட சோதனைச் சீட்டை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கக்கூடியவர் யார்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன், அல்லது பெண். டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவதும் அந்தப் பிள்ளையே. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்றும், 70-க்குக் கீழே இறங்கினால் அதுவும் ஆபத்து என்றும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குச் சொல்லவேண்டும் என்றும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டின் கதி எவ்வளவு மாறும்! இதைக் கற்பிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? ஒரு பிற்பகல் போதும்.

தன் குடும்பத்தை வாட்டிய நோயைப்பற்றிப் படிக்கும் மாணவன் அதை வேறு கண்ணோடு பார்க்கிறான். இதற்கு உலகமறிந்த உதாரணம் இந்நோயின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1921-ம் வருஷம் கோடையில் கானடா தேசத்து டொரண்டோ சர்வகலாசாலையில், டாக்டர் பாண்டிங் என்பவர் நாயின் கணையத்திலிருந்து மருந்தெடுக்க முயன்றபோது அவருக்குத் துணையாக அமர்ந்தவர் சார்லஸ் பெஸ்ட். வயது 22, பி.ஏ. பரீட்சையை அப்போதுதான் முடித்திருந்தார். அந்த இடத்துக்குப் போட்டியிட்ட மற்றொரு மாணவரோடு நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முந்திக்கொண்டார் என்று சொல்வார்கள். நாணயம் எப்படி விழுந்ததோ, இந்த நோய் இன்னதென்று பெஸ்டுக்குப் புத்தகம் மாத்திரம் சொல்லவில்லை; தம் குடும்பத்தில் பிரியமான பெண்மணி ஒருவரை அதற்குப் பறிகொடுத்திருந்தார். அந்நாளில் நீரிழிவு கண்ட குழந்தைக்கு வைத்தியம் பட்டினி ஒன்றே. பட்டினியினால் சில மாதமோ, ஓரிரு வருஷமோ ஆயுளை நீட்டலாம், அவ்வளவுதான். 1922 ஜனவரி 11-ம் தேதி லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள், அது சரிப்படவில்லை. காலிப் என்ற ரசாயன நிபுணர் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்தை 23-ம் தேதி போட்டார்கள். சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 வருஷம் உயிரோடிருந்தான். அடுத்த வருஷம் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லௌட் என்ற பேராசிரியருக்கும் வந்தது. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று மனம் பொறாத பாண்டிங், தம் பங்கில் பாதியை அந்த மாணவருக்குக் கொடுத்தார். மருந்தின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு நம் வீடுகளில், டாக்டர் இன்ஸுலின் போடச் சொன்னால் யமன் ஓலை வந்ததுபோல் ஒப்பாரி வைக்கிறோம்! உயிர் கொடுக்க வந்த மருந்தை உயிர் போவதற்கு அடையாளமாக்கிய பெருமை நம்முடையது. இந்தச் சரித்திரத்தைப் பதினைந்து வயதில் அறிந்த பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் ஒப்பாரி நின்றிருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், நீரூறும் மண்பானைக்குள் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்பதையும் அவளே சொல்லியிருப்பாள்.

நிற்க. வியாதி குடும்பத்தில் இறங்கி வருவது என்பதைப்பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கல்யாணம் பேசும்போது நாம் கோத்திரம் கேட்கிறோம், குலதெய்வம் கேட்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பாட்டனார் எந்த நோயினால் இறந்தார் என்று கேட்டால் மாத்திரம் "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ நீரிழிவு இருந்தால், முகூர்த்தம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை. தகப்பனாரின் சர்க்கரை எவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; தாயாருடையதை ஒரு தரமாவது பார்த்தோமா என்று கேட்டால் பதிலில்லை. எல்லோரும் உண்ட பிறகு உண்பவர் எல்லோருக்கும் பிறகே சோதனைக்கும் போகிறார்.

பெற்றோருக்கிருந்தால் பிள்ளைகளுக்கு வரக்கூடும் என்பது மெய். வந்தே தீரும் என்பது பொய். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே எடுத்துக் காட்டுவோம். நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரைப் பிரித்து, மூன்று வருஷம் கவனித்தார்கள். பொதுவான யோசனை மாத்திரம் கேட்டுப் போனவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. ஆகாரத்தைத் திருத்தி, நடையும் உழைப்பும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. முற்றும் தப்பிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம்மைப் போன்ற சோறுண்ணும் ஜனங்களுக்கிடையிலேயே கண்ட முடிவாகையால், "தலையெழுத்து" என்று சொல்லிச் சும்மா இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஒரு மாணவன் பதினைந்து வயதில் இதை அறிந்தால், அவனுக்கு முன்னால் இருபது முப்பது வருஷம் இருக்கிறது. நாற்பதில் அறிந்த தகப்பனாருக்கு அந்த வசதி இல்லை.

சிறு பிள்ளைகளுக்கு இவையெல்லாம் எதற்கு, மனம் கலங்காதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் கலங்காமலா இருக்கிறார்கள்? அறையில் தாழ்ந்த குரலில் பெரியவர்கள் பேசுவதும், தான் உள்ளே வந்தவுடன் பேச்சு நிற்பதும் எந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கிறது? இன்னதென்று தெரியாத பயத்தைவிடப் பெயர் தெரிந்த வியாதி மேலானது. ஆனால் இந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மை உண்டு; அதை நாம் ஒதுக்க விரும்பவில்லை. படிக்கும் பிள்ளையை வீட்டு வைத்தியராக்கிவிடக் கூடாது. மருந்தின் அளவை ஏற்றுவதும் இறக்குவதும் டாக்டர் வேலை. பாட்டியாருக்கு ஏதேனும் நேர்ந்தால் "நீ பார்த்திருக்க வேண்டாமா?" என்று பிள்ளையை ஒரு சொல் சொன்னாலும் அது பெரும் பாவம். நாம் மேலே சொன்ன பையன் இன்னமும் நடுராத்திரியில் எழுந்து பாட்டியாரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான் என்று கேட்கும்போது நமக்கு மனம் வருந்துகிறது. அவனுக்கு அந்தப் பாரத்தைச் சுமத்தியது அறிவன்று. அறிவில்லாமல் நின்ற அந்தக் கால்மணி நேரம்.

ஆகவே கல்வி இலாகாவும் சுகாதார இலாகாவும் கலந்து செய்யக்கூடிய ஒன்றை நாம் கேட்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் வருஷத்துக்கு நான்கைந்து பிற்பகல்களை இதற்கு ஒதுக்கட்டும். கிராம சுகாதார நர்ஸ் பள்ளிக்கு வந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியைக் காட்டட்டும். சோதனைச் சீட்டை வாசிக்கக் கற்பிக்கட்டும். பாதத்தைத் தினம் பார்ப்பது எப்படி, வருஷத்துக்கொரு முறை கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது எதற்கு என்று சொல்லட்டும். மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அத்தாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். உபாத்தியாயர் அதைப் பார்க்கவும் வேண்டாம், வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம். பிறர் வீட்டு வியாதி ஊர்ப் பேச்சாகிவிட்டால் மறுவருஷம் எந்தத் தாயாரும் வாய் திறக்கமாட்டார். முக்கியமாக, இதற்கு மதிப்பெண் போடக்கூடாது. மதிப்பெண் வந்தால் வழிகாட்டிப் புத்தகம் வரும். வழிகாட்டி வந்தால் பாட்டியார் மறுபடியும் மறைந்துபோவார்.

பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு, நர்ஸும் கருவியும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே நமது விடை. இல்லாதது உத்தரவு ஒன்றுதான். உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தேசத்தொண்டு செய்ய வழியில்லையே என்று மேடைக்கு மேடை குறைப்படும் ஊழியர்கள் தங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசலாம். ஆகஸ்டு 15-ம் தேதி கிராம சபை கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை மாதத்தில் ஒரு பிற்பகல் பள்ளிக்கு அனுப்பக் கோரும் நான்கு வரித் தீர்மானத்தை அன்று முன்மொழிவதற்கு எந்தக் கட்சித் தலைமையின் அனுமதியும் வேண்டியதில்லை.